எரிந்த காடு செத்த காடு அல்ல



சைபர்ஜெயாவிலிருந்து பந்திங் பக்கம் போனால் வடக்கு கோல லங்காட் காடு வரும். 1927-இல் ஒதுக்கப்பட்டபோது 7,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது. இப்போது ஆயிரம்கூட இல்லை. 2020 பிப்ரவரியில் அந்த மிச்சத்திலும் 97 விழுக்காட்டை மேம்பாட்டுக்கு விடப்போவதாக சிலாங்கூர் அரசு அறிவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, பலமுறை தீப்பிடித்துக் காடு ஏற்கெனவே கெட்டுவிட்டது என்பது.

எனக்குச் சண்டையே இந்தக் காரணத்தோடுதான். மூச்சுத்திணறலோடு மூன்றாம் முறை வார்டுக்கு வருகிறவரை, "கெட்டுப்போன நுரையீரல்தானே" என்று எந்தத் தாதியும் திருப்பி அனுப்பமாட்டாள். ஏன் திரும்பத் திரும்ப வருகிறார் என்றுதான் பார்ப்போம்.

இந்தக் காடு ஏன் எரிகிறது? இது சதுப்புக்காடு. முழுதாக மக்காத இலையும் வேரும் நீரில் ஊறி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மண். சுற்றிலும் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அந்த மண்ணே விறகாகிவிடும். தீ மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் புகையும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது. கிள்ளான் பக்கம் ஜொகான் செத்தியாவில் இப்படி எரியும்போதெல்லாம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஏறுவதை நாம் பார்த்திருக்கிறோம். நம் பிள்ளைகளின் நெபுலைசர் அன்றைக்கு ஓயாது.

மருந்தும் தெரிந்ததுதான். வடக்கே ராஜா மூசா காட்டில் 2008 முதல் கால்வாய்களை அடைத்து நீரைத் தேக்கி, ஊர் மக்களோடு மஹாங் மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். அழிவின் விளிம்பிலுள்ள மெர்சாவா பாயா போன்ற சதுப்பு மரங்களை வேறு இடத்தில் நட்டு ஈடுகட்டலாம் என்பது கதை. அவற்றுக்கு இந்த ஊறிய, புளித்த மண்தான் வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "நம்ம தாத்தா காலத்திலே காட்டை வெட்டித்தானே தோட்டம் போட்டோம், சோறு சாப்பிட்டோம்?" உண்மைதான். ஆனால் அந்த நிலம் தாத்தாவுக்குச் சொந்தமாகவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தைக் காலி செய்தவர்கள் நாம்தான். "மேம்பாடு வருகிறது, எழுந்திருங்கள்" என்ற சொல் புசுட் பாரு, பூலாவ் கெம்பாஸ் கிராமங்களின் தெமுவான் மக்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று மற்ற எவரையும்விட நமக்குத் தெரிய வேண்டும். மூலிகையும் பிரம்பும் அவர்கள் எடுப்பது அந்தக் காட்டில்தான்.

ஆட்சேபங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அப்படியும் 2021 மே மாதம் 536 ஹெக்டர் விடுவிக்கப்பட்டது. ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிந்தது. கூச்சல் எழவே செப்டம்பரில் அரசு அதை ரத்து செய்தது.

சிலாங்கூரில் ஒதுக்குக்காட்டை விடுவிக்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2020 அறிவிப்பு வந்தபோது ஆட்சேபிக்க 30 நாள்தான் கொடுத்தார்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது வாலிபர் சங்கத்தில் யாராவது அதைத் தமிழில் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் பெரியவர்கள் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள்.