கணக்கில் ஏறாத 90 நாள்கள்

பெங்களூரின் தென்கோடியில், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் 332 ஏக்கர் நிலத்தில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் இறுதியில் உருவாக்கிய தொழிற்பேட்டைதான் இன்றைய எலெக்ட்ரானிக் சிட்டி. 2010இல் சில்க் போர்டிலிருந்து மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையையும் பொம்மசந்திராவையும் இணைக்கும் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் வந்தது. கணினித் துறையை நம்பி வந்த இளைஞர்களின் ஊர் என்றே அதைப் பலரும் அறிவர். ஆனால், மாலை ஐந்து மணிக்கு அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நடைபாதையைக் கண்டால், அது முதியவர்களின் ஊராகவும் இருப்பது விளங்கும். சேலம், தருமபுரி, ஈரோடு என்று தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த தாத்தா, பாட்டிகள் அவர்கள். அவர்களுள் சிலர் கையில் ஊன்றுகோலும், சிலர் முன்னால் வாக்கரும் இருக்கும்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை இன்று அரிய செய்தி அன்று. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பொம்மசந்திரா வரையுள்ள ஓசூர் சாலையிலேயே அதைச் செய்யும் மருத்துவமனைகள் உள்ளன. பிள்ளைகளின் வீடும் அருகிலேயே இருப்பதால், சொந்த ஊரில் செய்துகொள்ளத் தயங்கிய பெற்றோர் பலர் இங்கு வந்து செய்துகொள்கின்றனர். சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கவைக்கின்றனர் என்பதும் உண்மையே. ஆனால், அந்த உண்மை பாதிதான். மறுநாள் நடப்பது வேறு, மூட்டு நலம்பெறுவது வேறு. அறுவைச் சிகிச்சைக்கு ஓரிரு மணி நேரம் போதும். அதற்குப் பின் வரும் ஏறத்தாழ 90 நாள்களில்தான் அந்த மூட்டு எப்படி அமையும் என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது. நம் குடும்பங்கள் முன்னதற்குத் திட்டமிடுகின்றன, பின்னதற்குத் திட்டமிடுவதில்லை. இதுவே நம் கவலை.

உலோகத்துக்கு உண்டு உச்சவரம்பு

இந்தச் சிகிச்சையை இந்திய வீடுகளுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு பிரதமர் என்றால் மிகையாகாது. அடல் பிகாரி வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மூட்டு மாற்றப்பட்டது. அதைச் செய்த டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத், 1970களில் நியூயார்க்கில் இன்றைய செயற்கை மூட்டுகளின் முன்னோடி ஒன்றை வடிவமைத்த குழுவில் இருந்தவர். அன்று அது வசதி படைத்தோருக்கான மருத்துவமாகவே தோன்றியது.

அதை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டச் செய்ததில் 2017ஆம் ஆண்டுக்கு முக்கிய இடமுண்டு. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை விதித்தது. பெரும்பாலும் பயன்படுத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டு, சராசரியாக ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற நிலை மாறி, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. அதை அறிவித்த அன்றைய மத்திய அமைச்சர் அனந்த் குமார், அப்போது பெங்களூர் தெற்குத் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்தவர்.

அது நல்ல முடிவு. ஆனால், விலை குறைந்தது உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டுமே. அந்த மூட்டை மடக்கவும் நீட்டவும் பழக்கும் உழைப்புக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. மருத்துவமனை தரும் மதிப்பீட்டுத் தாளில் பெரும்பாலும் அதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

வீட்டில் நடப்பது என்ன?

முதல் இரண்டு வாரங்கள் வலியும் வீக்கமும் மிகுந்தவை. தையல் அல்லது கிளிப் ஏறக்குறைய அந்தக் காலத்தின் முடிவில் அகற்றப்படும். அதற்குள்ளாகவே பயிற்சிகள் தொடங்கிவிட வேண்டும். கால் முழுவதுமாக நீள வேண்டும். படிப்படியாக மடங்கவும் வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழுவதற்கே முழங்கால் 90 பாகைக்குச் சற்று மேல் மடங்குவது தேவை. முழங்காலின் அடியில் தலையணை வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும். ஆனால், அப்படியே பழகினால் கால் முழுதும் நீளாமல் போகும். எனவே குதிகாலின் அடியில் வைக்கச் சொல்வர். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில். இவை எளிய பாடங்களே. ஆனால், நாள்தோறும், வலியோடு, பலமுறை செய்ய வேண்டிய பாடங்கள்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வருவது வேறொரு சோதனை. நலம் விசாரிக்க வந்தவர்கள் வருவதை நிறுத்திவிடுகின்றனர். மகனின் அல்லது மகளின் விடுப்பு முடிந்துவிடுகிறது. இரவில் தூக்கம் வருவதில்லை; பசி குறைகிறது; வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் உண்டாகிறது. ‘ஏன்தான் செய்துகொண்டோமோ’ என்ற எண்ணம் எழுவது இந்தக் காலத்தில்தான். இது பலருக்கும் நேர்வது, பெரும்பாலும் கடந்துபோவது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், அந்தச் சோர்வைத் தோல்வி என்று அவர்கள் எண்ணமாட்டார்கள். வீக்கமும் வெதுவெதுப்பும் சில மாதங்கள் நீடிக்கலாம் என்பதையும், முழுப் பயன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால், எல்லா வலியையும் ‘இருக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடலாகாது. கெண்டைக்காலில் புதிய வலியும் வீக்கமும், காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ் கசிவு, பரவும் சிவப்பு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இங்கே மொழிக்கும் ஓர் இடமுண்டு. குத்தல், குடைச்சல், இழுப்பு, எரிச்சல், மரத்துப்போதல் என்று நம் தாய்மார்கள் வலியைப் பல பெயர்களில் பிரித்துச் சொல்வர். ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு குறிப்பு. கன்னடமோ இந்தியோ ஆங்கிலமோ பேசும் இயன்முறை மருத்துவரிடம், ‘பெயின்’ என்ற ஒற்றைச் சொல்லாக அவை சுருங்கிவிடுகின்றன. முதல் சில அமர்வுகளிலாவது வீட்டில் ஒருவர் உடனிருந்து மொழிபெயர்த்துத் தருவது, மாத்திரைக்கு நிகரான உதவி.

செயற்கை மூட்டு நீண்ட நாள் உழைக்கக்கூடியது. 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, முழு மூட்டு மாற்றங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என மதிப்பிட்டது. அதே வேளையில், சிகிச்சை செய்துகொண்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு நிறைவு கொள்வதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் பல கூறுகின்றன. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கையில் இருப்பது, முதல் மூன்று மாதங்களின் கவனிப்பு.

அந்த வீட்டின் அச்சாணி

எலெக்ட்ரானிக் சிட்டிக் குடும்பங்களில் இது ஏன் கடினமாகிறது? கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டின் அச்சாணி, பெரும்பாலும் அந்தப் பாட்டிதான். பேரனைப் பள்ளி வாகனத்தில் ஏற்றுவதும், மதியம் சோறூட்டுவதும், மாலையில் பால் காய்ச்சுவதும் அவரே. அவர் படுக்கும்போது, கவனிப்பு தேவைப்படும் ஒருவர் கூடுகிறார். கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் குறைகிறார். இந்த இரட்டைக் குறைவை எந்த மதிப்பீட்டுத் தாளும் காட்டாது.

விளைவு என்ன? மூன்றாம் வாரமே அவர் அடுப்படியில் நிற்கிறார். ‘பரவாயில்லை, எனக்கு ஒன்றும் இல்லை’ என்கிறார். பயிற்சிக்கான நேரம் சமையலுக்குப் போகிறது. நெடுநேரம் நின்றதால் மாலையில் கால் வீங்குகிறது. வீக்கத்தால் மறுநாள் பயிற்சியும் கெடுகிறது. ஒன்று, இப்படி மிகையாக உழைத்து மூட்டு விறைக்கிறது. அல்லது, ‘அம்மா அசையவே கூடாது’ என்ற அன்பால் கட்டிலிலேயே இருந்து விறைக்கிறது. இரண்டுமே அன்பின் பெயரால் நேர்பவை. இரண்டுமே மூட்டுக்குக் கேடு.

நாம் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். 90 நாள்களுக்கு அந்த வீட்டு வேலைகளுக்கு மாற்று ஆள் யார் என்று தீர்மானிக்காமல் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கக் கூடாது. உடனடித் தேவை என்று மருத்துவர் சொன்னாலன்றி, மூட்டு மாற்றம் நாள் பார்த்துச் செய்துகொள்ளும் சிகிச்சைதான். பள்ளித் தேர்வும் அலுவலகத்தின் நெருக்கடிக் காலமும் ஒன்றாக வரும் மாதத்தைத் தவிர்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

வங்கிக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு தாளை எடுத்து அதை இரண்டாகப் பிரித்து எழுதலாம். இடப்பக்கம் மருத்துவமனைச் செலவு. வலப்பக்கம் வீட்டுச் செலவு: இயன்முறைச் சிகிச்சை, பகல்நேர உதவியாளர், வாக்கர், உயரமான கழிவறை இருக்கை, குளியலறைக் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, வாடகைக் கார். சான்றாக, வாரத்துக்கு மூன்று அமர்வுகள் என்றால் 12 வாரங்களுக்கு 36 அமர்வுகள். ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் என வைத்துக்கொண்டால் 21,600 ரூபாய். இந்தத் தொகை பெரும்பாலோரால் சமாளிக்கக்கூடியதே. எதிர்பாராமல் வரும்போதுதான் அது சுமையாகிறது. அப்போது முதலில் வெட்டப்படுவதும் இயன்முறைச் சிகிச்சைதான்.

காப்பீட்டிலும் இரு கேள்விகளை முன்பே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான தனிநபர் காப்பீடுகளில் மூட்டு மாற்றத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுக் காத்திருப்புக் காலம் உண்டு. அது முடிந்துவிட்டதா? மருத்துவமனையிலிருந்து வந்தபின் ஆகும் செலவு எத்தனை நாள்வரை ஏற்கப்படும்? 60 அல்லது 90 நாள்கள் என்பது வழக்கம். மருத்துவர் எழுதித் தந்த இயன்முறைச் சிகிச்சைக்கு அதில் இடமுண்டா என்பதையும் எழுத்தில் பெறுவது நல்லது. வாக்கர் போன்ற நடைக்கருவிகளுக்கும் வீட்டு உதவியாளருக்கும் பொதுவாகத் தொகை கிடைப்பதில்லை.

வலப்பக்கச் செலவுக்கான தொகையைச் சிகிச்சைக்கு முன்பே தனியாக, எளிதில் எடுக்கக்கூடிய சேமிப்பிலோ குறுகியகால வைப்பிலோ வைத்துவிடலாம். நீண்டகால வைப்பை இடையில் முறித்து வட்டியை இழப்பதை இது தவிர்க்கும். படுக்கையில் இருக்கும் முதியவரைக் கையெழுத்துக்காக வங்கிக்கு அழைத்துவரவும் வேண்டியதில்லை. 70 வயதைக் கடந்தோருக்கும் உடல்நலம் குன்றியோருக்கும் பணம் பெறுதல், செலுத்துதல், வாழ்நாள் சான்று அளித்தல் உள்ளிட்ட சேவைகளை வீட்டிலேயே வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஓய்வூதியர்கள் 2014 முதல் நடைமுறையில் உள்ள ஜீவன் பிரமாண் மின்னணுச் சான்றையும் பயன்படுத்தலாம். இன்று கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதைப் பெற முடிகிறது.

கேட்க வேண்டிய இரண்டு

குடும்பங்கள் மட்டும் திருந்தினால் போதாது. இரண்டு கோரிக்கைகளை நாம் முன்வைக்கிறோம். முதலாவது, மூட்டு மாற்றத்துக்கு மதிப்பீடு தரும் மருத்துவமனைகள், 12 வார இயன்முறைச் சிகிச்சைக்கான செலவையும் கால அட்டவணையையும் அதே தாளில் எழுதித் தர வேண்டும். நோயாளிகள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்; கேட்பவர்கள் பெருகினால் அது வழக்கமாகும். இரண்டாவது, மகப்பேற்றுக்கு விடுப்பு உண்டு என்பதை ஏற்ற அலுவலகங்கள், பெற்றோரின் நலம்பேறு காலத்துக்கும் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். முழு விடுப்பு இயலாவிட்டால், ஆறு வாரங்களுக்கு வீட்டிலிருந்து பணிபுரியும் அனுமதியாவது வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியின் நிறுவனங்களுக்கு இது இயலாததன்று. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, சில வாரங்களுக்குள் ஊழியர்களை வீட்டிலிருந்தே பணியாற்றவைத்த துறை அது.

அந்த அலுவலகங்களில் இன்று பணியாற்றும் பலர், காலையில் நிம்மதியாக வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது, வீட்டில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்ததால்தான். அந்தக் கால்கள் தேய்ந்ததில் நம் எல்லோருக்கும் பங்குண்டு. புதிய மூட்டுக்குப் பணம் கட்டுவதோடு அந்தக் கடன் தீராது. அவர் தம் விருப்பப்படி, யார் கையையும் பிடிக்காமல், மாலை நடைபாதைக்கு இறங்கிச் செல்லும் நாள்வரை உடனிருப்பதும் அந்தக் கடனின் தவணைகளே.