சங்கப் பதிவும் சர்க்காரும்

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. தொழிலாளர் கோரியவற்றுள் முதன்மையானது தங்கள் சங்கத்தின் பதிவு. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாகாதென நிர்வாகத்தார் ஆட்சேபித்தனர். சர்க்காரும் தயங்கி நின்றனர். மந்திரிகள் மூவர் சமரசம் பேசினர். பதிவோ, விவகாரம் ஹைகோர்ட்டு ஏறிய பின், 2025 ஜனவரியிலேதான் கிடைத்தது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டு, அதன் தலைவர்கள்மீது பின்னி கம்பெனியார் தொடுத்த வழக்கின் பயனாய் 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது நமது சென்னையே! பதிவாளர் நோக்க வேண்டியது சட்டத்தை. முதலாளியின் முகத்தை அன்று. அந்நிய மூலதனம் வெருண்டோடுமென்ற அச்சம் நமக்கு விளங்காததன்று. 37 நாள் வேலைநிறுத்தம் மட்டும் அதை வருந்தி அழைத்து வருமோ? விண்ணப்பம் வந்தால் சர்க்கார் குறித்த காலத்துள் பதிவு செய்யட்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தரட்டும்.