கருவிகள் பெருகினால் போதுமா?

ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக்கான மென்பொருள் பணிக்குத் தலைமை வகித்த ஃபிரெட் புரூக்ஸ், தமது பட்டறிவை 1975-இல் 'தி மிதிக்கல் மேன்-மந்த்' என்ற நூலாக்கினார். தாமதமான மென்பொருள் பணியில் ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அதன் சாரம். ஐவர் குழுவில் இருவருக்கிடையேயான தொடர்புகள் 10. பத்துப் பேர் எனில் 45.

இன்று ஸ்லாக், டீம்ஸ் போன்ற செயலிகள் செய்தி அனுப்பும் செலவை ஏறத்தாழ இல்லாமலாக்கிவிட்டன. விலை குறைந்தால் நுகர்வு பெருகும் என்று வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்தவன் நான். செய்திகளுக்கும் அவ்விதி பொருந்தும். அனுப்புவது எளிதாயிற்று; படிக்கத் தேவையான நேரமோ குறையவில்லை. அந்தச் செலவைச் சுமப்பவர் ஊழியர். எந்தக் கணக்கேட்டிலும் அது பதிவாவதில்லை.

எனவே, புதிய செயலியை வாங்கும் முன், யார் யாருடன் பேசத் தேவையில்லை என்பதைத் தலைவர் தீர்மானிக்க வேண்டும். அம்முடிவை எந்தச் செயலியும் அவருக்காக எடுக்காது.