இசைத்தட்டுக்கும் உரை வேண்டும்

மேனாட்டு ‘ரொக்’ இசை என்றதும் தமிழாசிரியர் பலர் காதைப் பொத்திக்கொள்வர். வெற்றாரவாரம் என்பது அவர்தம் துணிபு. கேளாமலே தீர்ப்புக் கூறுதல் புலவர் மரபுக்கு உரியதன்று. புலம்பெயர்ந்து வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் கொணர்ந்து தந்த ‘கலா’ என்னும் இசைத்தட்டை, முதற் பாட்டுத் தொடங்கி இறுதிவரை வரிசை பிறழாது பன்முறை கேட்டேன். அது கிளாஷ், பிக்ஸீஸ் முதலிய குழுவினரின் தட்டுகளுக்கும் என்னை இட்டுச் சென்றது. கேட்டதனாற் பிறந்த கருத்தையே ஈண்டு எழுதுகின்றேன்.

2007ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கலா’வின் ஆசிரியை மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்பது அவர் பூண்ட பெயர். 1975இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாய் யாழ்ப்பாணம் வந்து, இளமையை இம்மண்ணிற் கழித்து, போர்ச்சூழலில் தாயாருடன் அகதியாய் மீண்டும் இங்கிலாந்து சேர்ந்தவர். 2005இல் வந்த முதல் தட்டுக்குத் தந்தையாரின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையும், இரண்டாவதற்குத் தாயாரின் பெயரையும், 2013இல் வந்ததற்குத் தம் பெயரையும் சூட்டினார். மாதங்கி என்பது கலைத்தெய்வத்தின் திருநாமம் என்பதைச் சைவப் பெருமக்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

‘கலா’வின் முதற் பாட்டு, மொடேர்ன் லவ்வர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் பழைய பாட்டொன்றின் சொற்களை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. பின்னர் 1991இல் வந்த ‘தளபதி’ படத்தில் இளையராஜா அமைத்த பாட்டொன்று அதனுள் ஒலிக்கிறது! பிறிதொரு பாட்டில் பிக்ஸீஸ் 1988இல் பாடிய பாட்டின் அடிகள் வருகின்றன. இவற்றை இரவற் சரக்கு என்று இகழ்வாரும் உளர். அவர்கள் மணிமேகலையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. சாத்தனார் திருக்குறள் ஒன்றை அவ்வாறே எடுத்தாண்டு, வள்ளுவர் பெயரைக் கூறாது அவர் பெருமையை மட்டும் கூறி அமைகிறார். அதனைக் களவு என்று சொன்ன உரையாசிரியர் எவர்? முன்னோர் பொருளை மட்டுமன்றி அவர் சொல்லையும் போற்றலாம் என்பது நன்னூலார்க்கும் உடன்பாடே.

எடுத்தாளுதலின் சிறப்பு ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாட்டிலே நன்கு விளங்கும். அதன் கிற்றார் இசை, கிளாஷ் குழுவினர் 1982இல் வெளியிட்ட ‘கொம்பாட் ரொக்’ என்னும் தட்டிலுள்ள ‘ஸ்ட்ரெயிற் ரு ஹெல்’ என்ற பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கிளாஷ் குழுவினரின் பெயர்கள் பாட்டாசிரியர் வரிசையிலே முறைப்படி சேர்க்கப்பட்டுள்ளன. அப்பழம் பாட்டு, வேலையிழந்த ஆங்கிலத் தொழிலாளரையும், வியத்நாமில் அமெரிக்கத் தந்தையாற் கைவிடப்பட்ட பிள்ளையையும், புகுந்த நாட்டில் இடம் மறுக்கப்பட்ட ஏதிலியரையும் பாடுவது. ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்ற சொல்லைச் சுமந்துவந்த இசை அது. அந்த இசையின்மேல் அமர்ந்து, கள்ளக் கடவுச்சீட்டுக்காரி என்று தன்னை ஐயுறும் உலகை ஓர் அகதிப்பெண் எள்ளி நகையாடுகிறாள். பழம் பாட்டை அறியாதார்க்கு இது விளையாட்டுப் பாட்டு; அறிந்தார்க்கோ வேறு.

அப்பாட்டின் பல்லவியிற் சிறுவர் குரலோடு துப்பாக்கி வெடியோசையும் கலந்து வரும். அவ்வோசையை வானொலியிலன்றி வீட்டு முற்றத்திலேயே கேட்டவர் நாம். எனக்கு அது முதலிற் சற்றும் உவப்பாயில்லை. ஏதிலி ஒருவனைக் கண்டதும் பிறர் மனத்திற் கேட்கும் ஓசை அதுவே எனக் கொண்டபின் பாட்டின் அங்கதம் தெளிவாயிற்று. உவப்பு இன்னும் வரவில்லை; அது வரவேண்டும் என்பதும் இல்லை.

குறையொன்று உண்டு. இத்தட்டிலே ‘பேர்ட் புளூ’ என்ற பாட்டில் நம் உறுமி முழங்குகிறது. நம் சங்கீத சபைகளில் அதற்கு ஆசனம் கிடைப்பதரிது என்பதையும் நினைக்கவேண்டும். ஆயினும் தமிழ்ச்சொல்லோ தேடிப் பிடிக்கவேண்டிய அளவிலேயே உள்ளது. பறை கடல் கடந்தது. மொழி கரையிலே நின்றுவிட்டது. இதற்கு அவரை மட்டும் நோவது முறையன்று. பத்து வயதில் ஊர் நீங்கிய பிள்ளைக்கு எந்தத் தமிழை நாம் கொடுத்தனுப்பினோம்?

நம் மாணவரோ கைப்பேசியில் ஒரு பாட்டின் பாதியைக் கேட்டு அடுத்ததற்குத் தாவுகின்றனர். கல்லூரி இலக்கிய மன்றங்களில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம். கிளாஷ் பாட்டை முதலிலும் மாதங்கியின் பாட்டை அதன்பின்னும் ஒலிக்கவிட்டு, பழைய இசை புதிய சொல்லுக்கு என்ன பொருள் சேர்க்கிறது என்று மாணவரையே உரை எழுதச் செய்யலாம். மேற்கோள் இன்ன நூலினது, இங்கு இன்ன பயன் கருதி வந்தது என்று காட்டும் பயிற்சி தமிழ் கற்றவனுக்குப் புதிதன்று.