பற்பசைக்குள் இருக்கும் சோளம்



எங்கள் வீட்டுப் பற்பசைக் குழாயின் பின்பக்கத்தைப் பாருங்கள். அநேகமாக 'சோர்பிட்டோல்' என்ற பெயர் இருக்கும். சீனியில்லாத சுவிங்கத்தில் இதை இ420 என்றும் போடுவார்கள். (பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிச் சப்பினால் வயிற்றாலை போகும், கவனம்.) வைட்டமின் சி செய்வதற்கும் இதுதான் தொடக்கப் பொருள்.

சோளத்திலும் கோதுமையிலும் உள்ள மாப்பொருளை உடைத்தால் குளுக்கோஸ் வரும். அதோடு ஐதரசன் வாயு சேர்ந்தால் சோர்பிட்டோல். ஆனால் இரண்டும் தாமாகச் சேரமாட்டா. கூடச் சூடாக்கினால் சீனி கருகிவிடும். அதற்குத்தான் ஊக்கி. அது கலியாணத் தரகர் மாதிரி. இரண்டு பகுதியையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

ஊக்கி ஏன் திண்மமாக இருக்க வேண்டும்? கறியில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. திண்ம ஊக்கியை வடித்தெடுத்து மறுபடியும் பாவிக்கலாம்.

1920களில் மரே ரேனி என்ற அமெரிக்கப் பொறியியலாளர், தாவர எண்ணெயைக் கட்டியாக்குவதற்கு ஒரு வழி கண்டார். நிக்கலையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கி, பிறகு கோஸ்டிக் சோடாவில் அலுமினியத்தைக் கரைத்து நீக்கினார். மிஞ்சிய நிக்கல் பஞ்சு போலத் துளை நிறைந்தது. துளை கூடினால் வேலை நடக்கும் இடமும் கூடும். இந்த 'ரேனி நிக்கல்' சோர்பிட்டோலுக்கும் பயன்பட்டது.

அதில் ஒரு குறை உண்டு. சூடான சீனிப் பாகில் நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வாய்க்குள் போகும் பொருளில் நிக்கல் இருக்கலாமா? அதைக் கழுவி நீக்கச் செலவு. அதனால் கரித்தூளில் ருதேனியம் என்ற உலோகத்தைப் படிய வைத்த ஊக்கியும் வந்தது. விலை அதிகம், ஆனால் கரைவது குறைவு. விலை, ஆயுள், சுத்தம் மூன்றையும் சமப்படுத்துவதுதான் ஊக்கி வடிவமைப்பவர்களின் தலையிடி.

எங்களில் பலர் தொழிற்சாலைகளில் நிற்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரேனி நிக்கல் காய்ந்தால் காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் தண்ணீருக்குள் வைத்திருப்பார்கள். நிக்கல் தூசு தோலுக்கும் நெஞ்சுக்கும் கூடாது. பீப்பாயில் சிவப்புக் கரையிட்ட தீச்சுவாலைப் படம் இருந்தால், மொழி விளங்கவில்லை என்று தலையாட்டிவிட்டு மூடியைத் திறக்காதீர்கள். கேளுங்கள். கை காட்டியாவது கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வேலை முடிந்து முழுசாக வீடு வந்து சேர வேண்டும், அதுதான் முக்கியம்.