வளர்ந்த பிள்ளைக்கு வண்டி வாங்கப் போகிறீர்களா?

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்.

ஒரு தாய். அவள் இடுப்பில் ஒரு பையன். கைக்குழந்தை அல்ல, எட்டு, ஒன்பது வயதுப் பையன். அவன் கால்கள் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்குகின்றன. சீட்டு வாங்க ஒரு வரிசை. டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. மருந்து வாங்க இன்னொரு வரிசை. எல்லா வரிசையிலும் அவனைச் சுமந்துகொண்டே நிற்கிறாள்.

நாலு வயதில் தூக்கியபோது பாரம் தெரியவில்லை. இப்போது பையன் 20 கிலோவைத் தாண்டிவிட்டான். இன்னும் இரண்டு வருஷம் போனால் அவளால் தூக்கவே முடியாது. அப்புறம்? பையன் வீட்டோடு முடங்குவான். பள்ளிக்கூடம் நின்றுபோகும்.

இந்தப் பிள்ளைக்கு ஒரு வண்டி வேண்டும். எந்த வண்டி? எப்படிப் பார்த்து வாங்குவது? அரசாங்கம் கொடுக்குமா? இவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நடக்கிற பிள்ளைக்கு வண்டி எதற்கு?

தசைச் சிதைவு நோய் என்று ஒரு நோய் உண்டு. அதில் 'டூஷேன்' என்ற வகை பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகள் பிறந்தால் அதில் ஒருவனுக்கு இந்த நோய் இருக்கும் என்பது டாக்டர்கள் கணக்கு.

பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வயதில் பையன் அடிக்கடி விழுவான். மாடிப்படி ஏறத் திணறுவான். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி எழுவான். பெரும்பாலான பையன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் நடை நின்றுவிடுகிறது. மருந்து சிலருக்கு இதைச் சற்றுத் தள்ளிப்போடும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருதய நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும் உண்டு. இவர்களில் பலர் பத்தடி நடப்பார்கள். நூறடி நடந்தால் களைத்துப் போவார்கள்.

"வண்டியில் உட்கார வைத்தால் இருக்கிற நடையும் போய்விடுமே!" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் தசைச் சிதைவு நோயில் அளவுக்கு மீறி உழைப்பதே தசைக்குக் கெடுதல். ஆகவே வீட்டுக்குள் நடக்கட்டும். டாக்டர் சொன்ன பயிற்சியும் நடக்கட்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் திருவிழா என்று தூரமாகப் போகும்போது வண்டி இருக்கட்டும். அதனால் மிச்சமாகும் பலம் படிப்புக்கும் விளையாட்டுக்கும் பயன்படும்.

கடையில் விற்கும் வண்டி

வண்டி என்றதும் பலர் குழந்தைச் சாமான் விற்கும் கடைக்குப் போகிறார்கள். அங்கே 'ஸ்ட்ரோலர்' என்ற தள்ளு வண்டி இருக்கிறது. விலை குறைவு. மடித்து வைக்கலாம்.

ஆனால் அது தவழும் குழந்தைக்கும் தளர்நடைக் குழந்தைக்கும் செய்த வண்டி. எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் 15 முதல் 22 கிலோதான். எட்டு வயதுப் பிள்ளையை அதில் உட்கார வைத்தால் துணி தொய்யும். துணி தொய்ந்தால் இடுப்பு சரியும், முதுகு வளையும். கால் வைக்க இடமிருக்காது. வாசல் மணலில் அதன் சின்னச் சக்கரம் புதைந்துவிடும்.

சரி, பெரியவர்களின் சக்கர நாற்காலியை வாங்கினால் என்ன? அதன் இருக்கை பொதுவாக 16 முதல் 18 அங்குல அகலம். ஒன்பது வயதுப் பையனின் இடுப்போ சுமார் 10 அங்குலம்தான்! இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும். பையன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவான். கை சக்கரத்துக்கு எட்டாது.

தசைப் பலம் குறைந்த பிள்ளைக்கு முதுகெலும்பு தானாகவே வளையக்கூடும். கோணலாக உட்காருவது அதை மேலும் கெடுக்கும். முதுகு வளைந்தால் நெஞ்சுக்கூடு நெருக்கப்படும். மூச்சு விடுவதும் சிரமமாகும். வண்டி விஷயத்தை அலட்சியமாக விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்று அளவுகள்

தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். பிள்ளையைப் பலகையில் நேராக உட்கார வைத்து மூன்று அளவு எடுங்கள்.

ஒன்று: இடுப்பின் அகலம். இருக்கையின் அகலம் ஏறக்குறைய இதே அளவாக இருக்க வேண்டும். "வளர்கிற பிள்ளை" என்று சட்டை தைப்பதுபோல் பெரிதாக வாங்கக்கூடாது.

இரண்டு: புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்புறம் வரை உள்ள நீளம். இருக்கை இதைவிட இரண்டு விரல் குறைவாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் பிள்ளை முன்னால் சரிந்து வருவான்.

மூன்று: முழங்காலின் பின்புறத்திலிருந்து பாதம் வரை உள்ள உயரம். கால் பலகை இந்த அளவில் இருந்தால் தொடை முழுவதும் இருக்கையில் படியும். கால் தொங்கவும் கூடாது. முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது.

நீங்கள் எடுத்த அளவை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் காட்டுங்கள். தலை நிற்காத பிள்ளைக்குத் தலைத் தாங்கி வேண்டும். உடல் சாயும் பிள்ளைக்குப் பக்கத் தாங்கி வேண்டும். அதை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

பிள்ளையை அழைத்துப் போங்கள். பார்க்காமல் வாங்காதீர்கள். அரைமணி நேரமாவது உட்கார வைத்துப் பாருங்கள்.

பிரேக் பிடித்தால் வண்டி அசையாமல் நிற்கிறதா? இடுப்பு வார் இருக்கிறதா? வார் இடுப்பில்தான் படிய வேண்டும். வயிற்றிலோ கழுத்திலோ ஏறக்கூடாது. வண்டி பின்னால் கவிழாமல் இருக்கத் தாங்கி உண்டா?

மடித்தால் எத்தனை கிலோ? பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏற்றப் போவது நீங்கள்தானே! உங்கள் தெரு மண் தெருவா? அப்படியானால் பெரிய சக்கரமே நல்லது. பஞ்சர் ஆனால் பக்கத்துச் சைக்கிள் கடையில் ஒட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

கையில் பலமுள்ள பிள்ளையானால் தானே உருட்டும் சக்கர நாற்காலியே மேல். பிறர் தள்ளினால்தான் நகரும் வண்டி அவனைப் பிறர் கையிலேயே வைத்திருக்கும்.

சிகிச்சை முடிந்தால் தேறிவிடுவான் என்று டாக்டர் சொல்கிறாரா? அப்படியானால் சொந்தமாக வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கலாம்.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். தினமும் இரவு பிள்ளையின் புட்டத்தையும் முதுகையும் பாருங்கள். சிவந்த இடம் அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் அது புண்ணாகப் போகிறது என்று பொருள். மெத்தையை மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவு நாடாவை மறுபடி எடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைக்கேற்ற சக்கர நாற்காலி விலை அதிகம். கூலி வேலை செய்யும் குடும்பம் எங்கே போகும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 2017 ஏப்ரலில் அமலாயிற்று. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. தசைச் சிதைவும் மூளை முடக்குவாதமும் அதில் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை தகுந்த உதவிச் சாதனங்களை இலவசமாக வழங்க வேண்டும் என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. ஆகவே இது தர்மம் அல்ல, பிள்ளையின் உரிமை.

மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் நடக்கிறது. இதில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குச் சாதனம் இலவசம். 30,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பாதி விலை. தமிழ்நாடு அரசும் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கெனத் தனி சக்கர நாற்காலி வழங்குகிறது. கேட்க வேண்டிய இடம், உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். குறைபாட்டுச் சான்றும் அடையாள அட்டையும் முதலில் தேவை.

12 வயதில் ஒரு சிக்கல்

'அடிப்' திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு முறை சாதனம் வாங்கியவர் அதே சாதனத்தை மறுபடி பெற மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் ஒரு வருஷம் போதும். பிள்ளை வளரும் என்பதை உணர்ந்து செய்த நல்ல சலுகை இது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தசைச் சிதைவு நோயில் நடை நிற்பது எப்போது? ஏறக்குறைய அதே 12 வயதில்! ஆண் பிள்ளைகள் கிடுகிடுவென்று வளர்வதும் அதற்குப் பிறகுதான். முழு நாளும் நாற்காலியில் இருக்கத் தொடங்கும் நேரத்தில், சலுகை முடிந்து போகிறது. 12 வயதில் பொருந்திய நாற்காலி 14 வயதில் இடுப்பை நெருக்கும். அவன் 15 வயது வரை காத்திருக்க வேண்டுமா?

சட்டம் 18 வயது வரை சொல்கிறது. அந்த ஒரு வருஷச் சலுகையையும் 18 வயது வரை நீட்டினால் என்ன? அரசாங்கம் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

கொடுத்தால் போதுமா?

உலகில் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அது 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாற்காலியைக் கையில் கொடுப்பதோடு வேலை முடியவில்லை என்கிறது. ஆளுக்கேற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். பொருத்திப் பார்க்க வேண்டும். பழக்கிக் கொடுக்க வேண்டும். பிறகும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் முகாம் நடக்கிறது. "நூறு பேருக்குச் சக்கர நாற்காலி வழங்கப்பட்டது" என்று பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது. எத்தனை பேருக்கு அளவு எடுத்தார்கள்? ஆறு மாதம் கழித்து எத்தனை நாற்காலி ஓடுகிறது? இதைப் பத்திரிகைக்காரர்களாகிய நாமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

ஆகவே முகாமுக்குப் போகும் பெற்றோர் கூச்சப்பட வேண்டாம். "என் பிள்ளைக்கு அளவு எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மூன்று அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

வண்டி போக வழி வேண்டாமா?

நல்ல வண்டி கிடைத்தாலும் பள்ளிக்கூட வாசலில் மூன்று படி இருந்தால் என்ன செய்வது? சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் தள்ளுகிறவர் கை நழுவும்.

2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகள் எளிதில் சென்றுவரும்படி இருக்க, மீற முடியாத கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் சாய்தளம் இல்லையா? தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறாள், கடைக்காரர் பேசுகிறார். உட்காரப் போகிற பிள்ளையை யாரும் கேட்பதில்லை. பத்து வயதுப் பையனைப் பூப்போட்ட பாப்பா வண்டியில் உட்கார வைத்தால், வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பான்.

"எந்த நிறம் வேண்டும்? எங்கே அழுத்துகிறது? எங்கெல்லாம் போக ஆசை?" என்று அவனையே கேளுங்கள். அந்தப் பதிலையும் அளவுத் தாளில் நாலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.