பெயிலானதையும் எழுத இடம் வேண்டும்



நெட்வொர்க் லேபில் பெரிய ஃபைல் ஒன்று பாதியில் நின்றால் என்ன நடக்கிறது? "கேபிளை மாத்துப்பா" என்று ஒரு குரல். "பிங் போகுதே!" என்று இன்னொரு குரல். ஸ்விட்சை அணைத்துப் போடுவார்கள். அப்புறம் சின்ன ஃபைலாக ஒன்றை அனுப்பி, அந்த அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. பெரிய ஃபைல் ஏன் போகவில்லை? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ரூட்டர்களில் மென்பொருள் ஏற்ற இன்றும் பயன்படும் டி.எஃப்.டி.பி.யை எடுத்துக்கொள்வோம். 1992-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1350-இன்படி ஒரு பிளாக்குக்கு 512 பைட். பிளாக் எண்ணுக்கோ 16 பிட்தான். 65,535-க்கு மேல் எண்ண வராது. பெருக்கிப் பாருங்கள்: 3,35,53,920 பைட், அதாவது சுமார் 32 எம்.பி. அதைத் தாண்டினால் சில மென்பொருள்கள் மறுபடி 0-விலிருந்து எண்ணிச் சமாளிக்கும். சில அங்கேயே நின்றுவிடும். கேபிள் என்ன பாவம் செய்தது? 1998-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2348-இன்படி, இரு முனைகளும் ஒத்துக்கொண்டால் பிளாக்கின் அளவையே கூட்டிக்கொள்ளலாம்.

பிங் போவதும் முழுச் சாட்சி ஆகாது. அது சின்னப் பாக்கெட். ஈதர்நெட்டில் 1500 பைட் பாக்கெட் போகும். வழியில் ஓர் இணைப்பு 1492 மட்டுமே தாங்கும் என்று வையுங்கள். "பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு" என்று திரும்பி வரவேண்டிய ஐ.சி.எம்.பி. செய்தியை ஃபயர்வால் தடுத்துவிட்டால், லாகின் ஆகும், ஃபைல் நகராது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட்டில் பிங் செய்யுங்கள். பதில் வராது. 1464-க்கு வரும். குட்டு உடைந்தது!

முழுசாகப் போன ஜிப் ஃபைல் திறக்கவில்லையா? எஃப்.டி.பி. ஆஸ்கி மோடில் இருந்ததா என்று பாருங்கள். வரி முடிவுக் குறிகளை அது மாற்றியிருக்கும். இரண்டு பக்கமும் ஃபைல் அளவை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

டிப்ளமா முடித்து வேலைக்குப் போனால், நம்மைக் கூப்பிடுவதே ஏதாவது நின்றுபோனால்தான். எல்லாம் ஓடிய கதையை மட்டும் எழுதிய நோட்டு அன்றைக்குக் கைகொடுக்குமா?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டிலும் எந்த பைட்டில் நின்றது, என்ன செய்தி வந்தது, எதை மாற்றியதும் ஓடியது என்று எழுத ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதற்கும் மார்க் போடுங்கள். மார்க் உண்டு என்றால் மாணவன் கேபிளைத் தொடுமுன் கணக்குப் போடுவான்!